எண்பதும் எண்பத்திரண்டும்

ஏப்ரலில் பனி பெய்தது.
முதல் ஆட்டத்தன்று இரண்டாம் பேஸைத் தேடி
மூன்று பேர் மண்வாரியோடு நின்றார்கள்.
ஆனாலும் ஜெயித்தோம், ஒன்பதுக்கு இரண்டு.
ஜெயித்தோம் என்கிறேன்.
நான் செய்ததெல்லாம்
ஆற்றுப் பாலத்தின் கூண்டுக்குள்
ஹீட்டர் பக்கம் காலை நீட்டிக்கொண்டு
ரேடியோ கேட்டதுதான்.

பாலத்தைத் தூக்குவது, இறக்குவது. அதற்குச் சம்பளம்.
மிச்சிகன் ஏரியிலிருந்து உப்புக் கப்பல் வரும்,
சிமெண்ட் கப்பல் வரும்,
கோடை வந்தால் பல் மருத்துவர்களின் பாய்மரங்கள்.
அடுத்த பாலத்தில் பெர்னீஸ் கோவாலிக்.
இடையில் நானூறு கஜம் தண்ணீர், ஒரு வயர்லெஸ்.
அவளும் ஹெரன்ஸ்தான்.
எங்கள் அணியின் சட்டையில் ஒற்றைக்கால் நாரை.
பந்து வரும்போது எங்கள் ஆட்கள் நிற்பதும்
ஏறக்குறைய அப்படித்தான்.

மே மாதம் வரிசையாகப் பதினொரு தோல்வி.
பேருந்தில் ஏறுமுன் தொப்பியைக் கழற்றிப்
பைக்குள் திணித்துக்கொண்டேன்.
பெர்னீஸ் கழற்றவில்லை.
"தெற்கிலிருந்து ஒரு இழுவைப் படகு" என்பாள்,
அதே மூச்சில்,
"நாலு ரன் பின்னால். மழை வந்தால் தேவலை."

ஜூனில் ஒரு இடக்கைப் பையன் வந்தான்,
எலாடியோ பிச்சார்டோ, இருபத்திரண்டு வயது.
வர்ணனையாளர் அவன் பெயரை
மூன்று விதமாகத் தப்பாகச் சொன்னார்.
அன்று ஏழு இன்னிங்ஸ் வரை
ஒருவனும் அவன் பந்தை உருப்படியாகத் தொடவில்லை.
அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது.
சொன்னால் போய்விடும்.
பெர்னீஸ் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை,
எட்டாவதில் உப்புக் கப்பல் ஊதியது.

தூக்கினேன்.
இரு பக்கமும் கார்கள் நின்றன,
கண்ணாடி இறக்கிய பதினான்கு கார்களிலும்
அதே வர்ணனை, அதே குரல்.
தெருவே ஒரு ரேடியோ ஆகிவிட்டது.
கப்பல் போய் நெடுநேரமாயிற்று.
இன்னும் ஒரே ஒரு அவுட் பாக்கி.
நான் நெம்புகோலைத் தொடவில்லை.
யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

பிறகு ஒரு சப்பை அடி,
மூன்றாம் பேஸுக்கு மேல் தொப்பென்று விழுந்தது.
பதினான்கு கார்களும் ஒருசேர உச்சுக்கொட்டின.
பாலத்தை இறக்கினேன்.
தாமதத்துக்குக் காரணம்: இயந்திரக் கோளாறு
என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஜூலை முடிவில் ராய்ஸ் டெலக்ரேயை விற்றார்கள்.
ஒன்பது வருடம் எங்கள் ஷார்ட்ஸ்டாப்.
பதிலுக்கு, பெயர் பின்னர் அறிவிக்கப்படும்
என்று ஒரு ஆள்.
பெர்னீஸின் சட்டை முதுகில் அவன் எண், பதினேழு.
"அது என் பிறந்த தேதி" என்றாள்.
அவள் பிறந்தது ஆறாம் தேதி.
போன வருடம் நான்தான் கேக் வாங்கினேன்.

ஆகஸ்ட்டில் பத்துக்கு ஒன்பது ஜெயித்தோம்.
காரணம் கேட்காதீர்கள்.
காய்ச்சல் விட்ட பிள்ளை திடீரென்று
சோறு கேட்பதுபோல ஆடினார்கள்.
இழுவைப் படகுக் கேப்டன்கள் பாலத்தடியில் போகும்போது
ஸ்கோர் கேட்டு விரல் காட்டினார்கள்.
நான் என் விரலால் பதில் சொன்னேன்.
தொப்பி மறுபடி தலைக்கு வந்தது.
அதற்காக வெட்கப்பட்டேன், கொஞ்சம்.

கடைசி நாள். ஒரே ஒரு ஆட்டம் பின்னால்.
ஒன்பதாவது இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் எங்கள் ஆள்,
இரண்டு அவுட், ஒரு ரன் குறை.
அப்போது பார்த்து ஒரு பாய்மரம்.
பருவத்தின் கடைசிப் பாய்மரமாக இருக்க வேண்டும்,
ஸ்வெட்டர் போட்ட ஒரு நாய் முன்னால் நின்றது.
பெர்னீஸ் தூக்கினாள். நான் தூக்கினேன்.
பந்து நேரே மேலே போனது.
வர்ணனையாளர் மூச்சுப் பிடித்தார்.
என் பாலம் இறங்குமுன்
அது இறங்கிவிட்டது,
எதிரணியின் கையுறைக்குள்.

வயர்லெஸில் இரைச்சல் மட்டும்.
பிறகு, "நாய் கடந்துவிட்டது. இறக்கு, ஹார்லன்."
எண்பது வெற்றி. எண்பத்திரண்டு தோல்வி.
தேர்வில் ஃபெயில் என்றும் சொல்ல முடியாது,
வீட்டில் காட்டவும் முடியாது.

டிசம்பர். ஆறு உறைந்துவிட்டது.
கப்பல் கிடையாது, எண்ணெய் போடும் வேலைதான்.
மத்தியானம் வயர்லெஸ் கொறகொறத்தது.
"அந்த இடக்கைப் பையனுக்குத்
தோளில் வலியாமே?"

"முழங்கை" என்றேன்.
"பிப்ரவரிக்குள் சரியாகிவிடுமாம்."